கொசுறாகக் கொடுத்த வெற்றி

பழைய கார் விற்பது எங்கள் குடும்பத் தொழில். அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், ஒரு அத்தை. சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கு மசியலை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னால்கூட "பதிலுக்கு என்ன தருவே?" என்று கேட்கிற கூட்டம். அதனால் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள எங்கள் வாடெல் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தபோது, வியாபாரத்தில் எனக்குத் தெரியாத அழுக்கு இருக்காது என்று நினைத்தேன். ஓடாத வண்டியை ஓடும் என்று சொல்லி விற்பதை நான் பார்த்திருக்கிறேன். தன் தோல்வியைத் தானே விலை பேசி விற்கும் கடையை இங்கேதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். தெற்கே உள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்கு லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் இருக்கின்றன. செப்டம்பரில் அந்த லட்சம் பேரும் பீர் குடித்து, பன்றி விலா கடித்துக்கொண்டு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் தங்கள் அணி யாரையாவது நசுக்குவதைப் பார்க்க வேண்டும். நசுங்குவதற்கு ஆள் வேண்டுமே. அந்த ஆள் நாங்கள். அங்கே போய் ஐம்பது அறுபது புள்ளிகளில் அடிவாங்கி வருவதற்கு ஒரு தொகை தருவார்கள். தொழிலில் இதற்கு 'உத்தரவாத ஆட்டம்' என்று பெயர். பணத்துக்கு அவர்கள் உத்தரவாதம். தோல்விக்கு நாங்கள் உத்தரவாதம். அதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. இந்த வருஷத்து விலை பதிமூன்று லட்சம் டாலர். ஒரு பையனுக்கு முழங்கால் போகும், இன்னொருவனுக்குத் தோள்பட்டை நழுவும். துறை பிழைக்கும்.

துறை என்றால் ஏதோ சம்பாதிக்கிற துறை என்று நினைத்துவிடக் கூடாது. நுழைவுச்சீட்டு விற்ற காசு பஸ் வாடகைக்கே காணாது. மிச்சமெல்லாம் மாணவர்கள் தலையில் கட்டும் கட்டணம். இரவெல்லாம் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிப்போட்டுவிட்டுப் பகலில் நர்சிங் படிக்க வரும் பெண், மைதானம் எந்தப் பக்கம் என்றுகூட அறியாதவள், பருவத்துக்கு அறுநூறு டாலர் எங்களுக்கு அழுகிறாள். எங்கள் இயக்குநர் கர்ட் ஹால்வர்சன் அதை மேடையேறி "துறை ஈட்டிய வருமானம்" என்பார். பிக்பாக்கெட் அடிப்பவன்கூட அப்படிச் சொல்லக் கொஞ்சம் கூசுவான்.

இந்தக் கடையில் நேர்மையாக ஒன்று இருந்ததென்றால் அது பெண்கள் நீச்சல் அணி. பயிற்சியாளர் மார்னி ஸ்வோபோடா. அகன்ற தோளும் குளோரின் வாடையும் கொண்டவள். வாயைத் திறந்தால் யாருக்காவது சுடும். சென்ற குளிர்காலத்தில் அவளுடைய குளத்தின் கொதிகலன் செத்துப்போனது. கூடவே வடிகட்டியும். இரண்டையும் மாற்ற மூன்று லட்சம் டாலர். மாற்றாவிட்டால் அணியைக் கலைத்துவிட வேண்டியதுதான். குளத்தை வடித்துவிட்டுப் பெண்களை ஊர்ப் பொதுக்குளத்துக்கு விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போனாள் மார்னி. அங்கே கிழவிகள் தண்ணீரில் உடற்பயிற்சி செய்ய வருவதற்குள் நீந்தி முடித்தாக வேண்டும்.

மார்ச் மாதம் என்னை வைத்துக்கொண்டே ஹால்வர்சன் அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

"செப்டம்பர் பணம் வரட்டும் மார்னி. அதுல முதல் மூணு லட்சம் உன் குளத்துக்கு. ராய்ஸ் சாட்சி."

"வரலேன்னா?"

"வராம எங்க போகும்? போய்த் தோத்துட்டு வரணும், அவ்வளவுதானே. அதுல நம்மள அடிச்சிக்க ஆளே இல்ல."

மார்னி சிரித்துவிட்டாள். நானும்தான். சாட்சி சொல்ல வேண்டியவன் சிரிக்கக் கூடாது என்று அப்போது தோன்றவில்லை.

ஜூலையில் கால்பந்துப் பயிற்சியாளர் டெக்ஸ்டர் வூல்ரிட்ஜின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவருடைய ஏஜென்ட் வந்தான். மாநில ஆளுநரைவிட மும்மடங்கு சம்பளம் வாங்கிக்கொண்டு, "பணத்துக்காக நான் இந்த வேலைக்கு வரல" என்று தேவாலயக் காலைச் சிற்றுண்டிகளில் பேசுகிறவர் வூல்ரிட்ஜ். ஏஜென்ட் இன்னும் உயர்வு கேட்டான். ஹால்வர்சன் முடியாது என்றார். இரண்டு மணி நேரம் இழுத்தபின் அவன் அலுத்துக்கொண்ட மாதிரி பேனாவை மூடினான்.

"சரி விடுங்க. சம்பளம் இருக்கறபடியே இருக்கட்டும். ஒரே ஒரு வரி சேத்துக்கலாம். பெரிய அணி எதையாவது அவங்க ஊர்லயே போய் ஜெயிச்சா, கோச்சுக்கு ரெண்டரை லட்சம் போனஸ், வருஷத்துக்கு மூணு லட்சம் உயர்வு, ஒப்பந்தம் மூணு வருஷம் தானா நீளும். உதவியாளருங்களுக்கு ஒரு மாசச் சம்பளம். நடந்தாத்தானே?"

ஹால்வர்சனின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அவரை வெளியே தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன்.

"சார், அந்த வரி வேண்டாம்."

"ஏன்யா? நடக்கவே நடக்காததுக்கு என்ன விலை? கொசுறு கேக்கறான், குடுத்துட்டுப் போவோம்."

"நடக்காதுன்னா அவன் ஏன் கேக்கறான்?"

"அவன் வூல்ரிட்ஜ்கிட்ட எதையாவது காட்டணும். ராய்ஸ், நாம தோக்கறதுக்குன்னு காசு வாங்கிட்டுப் போறோம். வித்த சரக்கு திரும்பி வருமா?"

எங்கள் வீட்டில் கொசுறு கொடுப்பார்கள்: சாவிக்கொத்து, தரை விரிப்பு, அதிகம் போனால் பாதி டாங்க் பெட்ரோல். எஞ்சினைக் கொசுறாகக் கொடுத்தவன் கிடையாது. வருஷா வருஷம் தோல்வியை விற்று விற்று, அது ஏற்கெனவே வங்கியில் போட்டாகிவிட்டது என்று இவர்கள் நம்பிவிட்டார்கள். ஹால்வர்சன் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். ஏஜென்ட் அவர் பேனாவையே பாராட்டினான்.

ஆட்டத்தன்று நான் தெற்கே போகவில்லை. நீச்சல் கட்டடத்தில், வற்றிய குளத்தின் படிக்கட்டுகளில், மார்னியும் அவளுடைய பெண்களும் டிவி வைத்து பீட்சா வாங்கியிருந்தார்கள். பணம் வரும் நாள் என்பதால் அவர்களுக்கு அது பண்டிகை. முதல் பாதி முடிந்தபோது நாங்கள் மூன்று புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். பெண்கள் படிக்கட்டுகளில் குதிக்க ஆரம்பித்தார்கள். என் கையிலிருந்த பீட்சா ஆறிப்போனது.

"என்ன ராய்ஸ், எழவு வீட்டுல மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் மார்னி. "நம்ம பசங்க நல்லா ஆடறாங்கடா."

"அதான் பயமா இருக்கு."

"ஜெயிச்சாலும் பதிமூணு லட்சம் குடுத்தாகணும்ல? காசைப் பிடிச்சுக்குவாங்களா?"

"மாட்டாங்க. அவங்க நாணயமானவங்க. பிரச்சினை நம்மகிட்டதான்."

ஜூலையில் சேர்த்த வரியை அவளுக்குச் சொன்னேன். அவள் டிவியைப் பார்த்தபடியே கேட்டாள். கடைசி நிமிஷத்தில், ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, எங்கள் பையன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. லட்சம் பேர் இருந்த மைதானத்தில் ஒரு சத்தமில்லை. இங்கே இருபது பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கத்தினார்கள். காலிக் குளத்தில் அந்தச் சத்தம் மோதி மோதித் திரும்பியது. ஒருத்தி ஓடிவந்து மார்னியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கோச், ஜெயிச்சிட்டோம்" என்றாள்.

"ஆமாடி கண்ணு," என்றாள் மார்னி. "நல்லாவே ஜெயிச்சிட்டோம்."

பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "மூணு லட்சம் நிக்குமா?"

"நிக்காது. மிச்சப் பத்து லட்சம் ஏற்கெனவே சம்பளத்துக்கும் கடனுக்கும்னு எழுதியாச்சு. போனஸுக்கு இருக்கறது உன் காசுதான்."

திங்கட்கிழமை கூட்டத்தில் ஹால்வர்சன் புது டை கட்டியிருந்தார். நெடுஞ்சாலையில் வூல்ரிட்ஜின் முகம் போட்ட விளம்பரப் பலகைகள், வாணவேடிக்கை, நன்கொடையாளர்களுக்கு மாட்டிறைச்சி விருந்து என்று பட்டியல் நீண்டது. வேறொரு பல்கலைக்கழகம் வூல்ரிட்ஜை நோட்டம் விடுவதாக ஏஜென்ட் காற்றில் ஒரு வார்த்தை விட்டிருந்தான். அதற்குப் பயந்து வூல்ரிட்ஜின் வீட்டுக் கடனையும் துறையே ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் எங்களை விலைக்கு வாங்குவதாக இருந்த பெரிய பல்கலைக்கழகம் அன்று காலையே போன் செய்து விலகிக்கொண்டது. உதைக்கிற ஆட்டைக் கசாப்புக் கடைக்காரன் எதற்கு வாங்குவான்? ஹால்வர்சன் அதையும், "பாத்தியா, நம்மளப் பாத்துப் பயப்படறாங்க" என்றார்.

"பயந்தா காசு வராது சார்," என்றேன்.

"உத்வேகம் வரும்யா."

மார்னி கையைத் தூக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "கர்ட், என் மூணு லட்சம்?"

"மார்னி, நீ நம்ம குடும்பம். குடும்பத்துல சில சமயம்..."

"குடும்பம்னு ஆரம்பிச்சாலே எனக்குத் தெரியும். எப்ப கலைக்கறீங்க?"

"இந்தப் பருவம் முடிஞ்சதும். ஆனா பொண்ணுங்களை அப்படியே விட்டுட மாட்டோம். பழைய மாணவங்க எல்லாம் வர்ற ஊர்த்திருவிழா ஆட்டத்தன்னிக்கு இடைவேளையில மைதானத்து நடுவுல நிக்க வச்சு, எழுவது வருஷ நீச்சலுக்கு மொத்த கூட்டமும் எழுந்து கைதட்டும். பேண்டு வாசிக்கும். வூல்ரிட்ஜே பூ குடுப்பாரு."

அறையில் இரண்டு பேர் உருக்கமாகத் தலையாட்டினார்கள். கொன்றவனே மாலை வாங்கி வந்து, பேண்டும் வைக்கிறான்.

மார்னி நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வர்றோம். எவ்வளவு தருவீங்க?"

"எதுக்கு?"

"வந்து நிக்கறதுக்கு. லட்சம் பேர் இல்லேன்னாலும் நம்ம மைதானத்துல ஏழாயிரம் பேராவது இருப்பாங்க. அவங்க முன்னாடி வந்து தோத்துக் காட்டறோம். இந்தத் துறையில தோக்கறதுக்கு ஒரு விலை இருக்கே. எங்க விலை மூணு லட்சம்."

யாரோ இருமினார்கள். ஹால்வர்சன் என்னைப் பார்த்தார், இவளை அடக்கு என்பதுபோல. எனக்கோ வீட்டு மேசை ஞாபகத்துக்கு வந்தது.

"நியாயமான விலைதான் சார்," என்றேன். "முடிச்சிடலாம்."

"இது பேரம் பேசற இடமில்ல," என்றார் அவர். மாநிலத்திலேயே அப்படியொரு பொய்யை அந்த வாரம் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

பேரம் படியவில்லை. அக்டோபர் முழுவதும் மார்னி அவளுடைய பெண்களுக்கு வேறு கல்லூரிகளில் இடம் தேடிப் போன் போட்டாள். நானும் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். இவள் திருப்பத்தில் வேகம், அவள் மார்பு நீச்சலில் பொறுமை என்று, எங்கள் வீட்டார் விற்றதைவிட நன்றாக விற்றேன். பாதிப் பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் நீந்துவதை விட்டார்கள்.

ஊர்த்திருவிழா ஆட்டத்தன்று மார்னி ஊரிலேயே இல்லை. இந்தியானாவில் ஒரு சிறு கல்லூரிக் குளத்தில் இரண்டு பெண்களைச் சேர்த்துவிடப் போயிருந்தாள். அணியில் ஒருத்திகூட மைதானத்துக்கு வரவில்லை. ஆனாலும் இடைவேளையில் பேண்டு வாசித்தது. நீச்சல் அணியின் நீல மேலங்கி போட்ட இருபது பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு முன்வரிசையில் நின்றவளை அடையாளம் தெரிந்தது: மைதானத்து ஓரத்தில் ஆடிப் பாடிக் கூட்டத்தைக் கிளப்பும் உற்சாகக் குழுவில், மனிதப் பிரமிடு கட்டும்போது உச்சியில் ஏறுகிறவள். மேலங்கிகளைக் கிடங்கிலிருந்து எடுத்து, அந்தக் குழுவுக்கு மாட்டி அனுப்பியிருந்தார் ஹால்வர்சன். வூல்ரிட்ஜ் ஒவ்வொருத்திக்கும் ரோஜா கொடுத்தார். கூட்டம் எழுந்து நின்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் கையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "பாவம், அணியே போயிடுச்சு. இருந்தாலும் முகத்துல எவ்வளவு சிரிப்பு பாருங்க."

"நல்லா சிரிப்பாங்கம்மா," என்றேன். "அதுக்குத்தான் பழக்கியிருக்கு."