நோய் நொடி இல்லாத வீடு

ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்த தம்பியின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அதன் கயிற்று முடிச்சை நெருடிக்கொண்டிருந்தாள். நிதானமே தெரியாதவன், கூட்டாளிகள் அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று காலை பந்து விளையாடப் போனவன், மைதானத்திலேயே விழுந்து செத்துப்போனான். அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது.

பிரேதப் பரிசோதனை முடிந்து, உடலுக்காகக் காத்திருந்தபோதுதான் மரபணு ஆலோசகர் வந்தாள். சின்னப் பெண். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பிக்கு இதயத்தசை தடித்திருந்தது, இது பரம்பரையாக வரக்கூடியது என்று பதமாகச் சொன்னாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று கேட்டாள்.

"எங்க வீட்ல யாருக்கும் நோய் நொடியே கிடையாதும்மா" என்றாள் அம்மா.

அத்தோடு விடவில்லை. தன் கணவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். அவர் தங்கை குளிக்கப் போன இடத்திலேயே உயிரை விட்டாள். ஒருவரும் படுக்கையில் கிடந்து இழுத்துக்கொண்டிருக்கவில்லை என்று அடுக்கினாள். "எல்லாருக்கும் நல்ல சாவு. கொடுத்து வச்சவங்க."

அக்கா கேட்டு வளர்ந்த பெருமை அது. கல்யாணமான புதிதில் மாமியாரிடம் அவளே பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

 "அவங்க போனப்ப என்ன வயசும்மா?" என்றாள் ஆலோசகர்.

அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.  அப்பாவுக்கு நாற்பது ஆகியிருக்கவில்லை. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் இந்தச் சாவுகளை வாயால் சொல்லிக்கொண்டே இருந்தும் அந்த வயதுகள் ஒருவர் காதிலும் விழவில்லையே என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இதில் யார் தப்பும் இல்லை என்றாள் ஆலோசகர். முன்கூட்டியே தெரிந்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. மாத்திரை உண்டு, நெஞ்சில் பொருத்தும் கருவி உண்டு என்றாள். அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"முதல்ல உங்களுக்கு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். உங்களுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். குழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"டெஸ்ட் முடியற வரைக்கும் ரொம்ப ஓடியாட விடாதீங்க."

அக்கா தலையாட்டினாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அவள் கணவர் மகளோடு தெரிந்தார். அவளைப் பார்த்துவிட்ட மகள், அவர் கையை உதறிவிட்டு ஓடி வரத் தொடங்கினாள். அக்கா எழுந்தாள். ஷூ கீழே விழுந்தது. ஓடாதே என்று இரண்டு கையையும் நீட்டினாள்.