பதினான்கு வயதுக்கு ஒரு சொல்

1

‘பதினாலு வயசு. இவனை நான் என்னன்னு போடறது?’

என் கதையில் வரும் வெர்னா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் தலைக்குள் இதை வைத்தவள் நான்தான். ஒஹாயோவில் எங்கள் ஊர் நாளிதழின் ஒரே பக்கத்தில் இரண்டு செய்திகள் பார்த்தேன். அப்பாவின் படகை ஏரித்துறையில் மோதி உடைத்த பதினேழு வயதுக்காரன் ‘கிட்’. யாருமில்லாத வைக்கோல் கொட்டகையைக் கொளுத்திய பதினான்கு வயதுக்காரன் ‘யூத்’. மூன்று வயது இளையவன் அச்சில் ஏறியதும் மூத்துவிட்டான். கதை அங்கே தொடங்கியது. மீதியெல்லாம் கற்பனை.

2

(வேறொரு தொடக்கமும் இருந்தது: ‘பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்…’ ஒஹாயோ என்றாலே பனியா? அடித்துவிட்டேன்.)

இளம் வயதைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. காணாமல் போனால் சைல்டு. காரை வேகமாக ஓட்டினால் டீன். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, எந்தத் தலைப்பிலும் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும். போலீஸ் பிடித்தால் ஜுவனைல். அப்பாவுக்குப் படகு இருந்தால், எது செய்தாலும் கிட். பெரியவனாகவே விசாரிக்கலாம் என்று நீதிபதி கையெழுத்துப் போட்டால் ஒரே மதியத்தில் அடல்ட். பிறந்தநாள் கேக் கூட வேண்டாம். அதன்பிறகும் அவனுக்கு யாரும் சிகரெட் விற்க மாட்டார்கள். பெரியவர்களின் சிறைக்கு மட்டும் அனுப்புவார்கள்.

[தமிழில் எழுதுகிற நான் சிரிக்கலாமா? முதல் மதிப்பெண் எடுத்தால் ‘மாணவன்’, சங்கிலி பறித்தால் ‘வாலிபர்’. சிரிக்கவில்லை.]

3

வெர்னா அந்த நாளிதழில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறாள். அவளுக்கும் பதினான்கு வயதில் ஒரு மகன்

இல்லை. மகனைக் கொடுத்தால், ‘ஓ, அதனால்தானா’ என்று நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். பிடுங்கிக்கொண்டேன். பதிலுக்கு ஒரு மீன்தொட்டி கொடுத்திருக்கிறேன்.

அவள் மேசைக்கு மேல் அலுவலக விதி ஒட்டியிருக்கிறது: பதினேழு வரை ‘பாய்’, பதினெட்டிலிருந்து ‘மேன்’. தட்டச்சு செய்தவள் அவளேதான். போன வாரம் போலீஸ் குறிப்பிலிருந்த ‘யூத்’தை அப்படியே விட்டவளும் அவளேதான். கொட்டகையைக் கொளுத்திய டெவன்டேயைப் பெரியவனாக விசாரிக்கக் கேட்கும் மனுவோடு, அரசு வழக்கறிஞர் அந்தச் செய்தித்துண்டையும் இணைத்திருக்கிறார். நாளை நீதிபதி முடிவு சொல்வார்.

இன்றைய செய்தியில் வெர்னா ‘பாய்’ என்று போட்டாள். ஆசிரியர் கிளைட் எழுந்து வந்தான்.

“‘பாய்’ எல்லாம் வேணாம். ‘யங் மேன்’னு மாத்து.”

“அவனுக்குப் பதினாலு, கிளைட்.”

“ஆளு ஆறடி இருக்கான்.”

“விதி வயசைத்தான் கேக்குது. டேப் வெச்சு அளக்கச் சொல்லல.”

“அடேங்கப்பா, விதி! போன வாரம் ‘யூத்’னு விட்டப்போ எங்க போச்சு?”

“தூங்கிட்டேன். என் தப்புதான்.”

“அரசு வக்கீல் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. ‘பாய்’னு போட்டா நாம அவன் பக்கம் சாயறோமாம்.”

“‘யங் மேன்’னு போட்டா எந்தப் பக்கமாம்?”

“அம்மா தாயே! ஒரு சொல்லு. நம்ம பேப்பரைப் படிச்சுட்டா ஜட்ஜு முடிவு பண்ணப்போறாரு?”

“இல்லேன்னா எதுக்கு போன் பண்றாங்க?”

4

முடிவுகள் சில கைவசம் உண்டு.

கிளைட் மனம் மாறுகிறான். (மாறுவதற்கு வேண்டிய மனத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.)

நீதிபதி காலையில் நாளிதழைப் பிரித்து, அந்த ஒரு சொல்லில் கண் கலங்கி… (என் கையை நானே தட்டிவிட்டேன்.)

வெர்னாவுக்கு வேலை போகிறது. தியாகி! நீங்கள் கைதட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். டெவன்டே காவலிலேயே உட்கார்ந்திருப்பான்.

நாளைய விசாரணையை நான் எழுதப்போவதில்லை. அவன் யார் என்று முடிவு செய்ய இத்தனை பேர் இருக்கும்போது நானும் எதற்கு? வேண்டுமானால் நீங்கள் செய்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அச்சுக்கு அனுப்ப நான்கு நிமிடம் இருந்தது. கிளைட் குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டான். “நீ மாத்தறியா, நான் மாத்தட்டுமா?”

வெர்னா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி அவனுக்கு இடம் விட்டாள்.

“நான் மாத்தல, கிளைட்.”