கறுப்பு போனுக்கு மாதுளைக் கலர்

அடிபட்ட கார் பட்டறைக்குள் வந்ததும் அங்கே வேலை பார்க்கும் பட்டி கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "விக்கவா, ஓட்டவா?"

ஓட்டுகிற வண்டி என்றால் கதவைக் கழற்றி, உள்பக்கமிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி நெளிவை எடுக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். விற்கிற வண்டிக்கு அந்தப் பாடு இல்லை. பள்ளத்தில் பட்டி என்கிற பசையை அப்பி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயிண்டை அடித்தால் தீர்ந்தது. வாங்குகிறவன் தெருமுனை தாண்டும்வரை தாங்கினால் போதும். வருஷக்கணக்கில் இதையே செய்து செய்து அவனுக்குப் பேரே பட்டி என்றாகிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். காது உடைந்த கோப்பை, ஆட்டம் கண்ட கதவுக் கொண்டி, இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி, எல்லாவற்றிலும் அவன் அப்பிய பட்டி இருந்தது. ஒருமுறை அறுந்த செருப்புக்கும் அப்பிப் பார்த்தான்.

"பல்லு வலிக்குதுன்னு இந்த மனுஷன்கிட்ட சொல்லவே பயமா இருக்கு," என்பாள் மனைவி.

அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள். மாடலும் அளவும் போனில்தான் வரும். அவளுடைய போனில் திரையின் வலது கீழ்மூலை செத்துக் கிடந்தது. அனுப்புகிற பொத்தான் வந்து நிற்பதும் அதே மூலையில்தான். "சரி, தைத்துத் தருகிறேன்" என்று எழுதிவிட்டு, போனைப் படுக்கப் போட்டு, எழுத்தெல்லாம் திரும்பிப் பொத்தான் வேறு இடத்துக்கு நகர்ந்த பிறகு அழுத்துவாள். சில சமயம் திரும்பும், சில சமயம் முரண்டு பிடிக்கும். அதற்குள் துணி வேறு ஆளிடம் போயிருக்கும். இப்போது ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை வேலை வருவதாக இருந்தது. கிடைத்தால் வருஷம் முழுக்க மெஷின் ஓயாது. திங்கட்கிழமை சாயங்காலம் அளவுகளை அனுப்புவோம், பார்த்தவுடன் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூட ஆபீஸம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே பழைய போனைக் கழித்துக்கொண்டு புதுசு வாங்குவதென்று முடிவானது. புதுசைக் கொண்டு வருகிற ஆளே வாசலில் வைத்துப் பழையதைச் சோதித்து எடுத்துக்கொள்வார். சோதனையில் தேறாவிட்டால் புதுசும் வந்த வழியே திரும்பிவிடும்.

"போனுக்கு உள்ள இருக்கறதை நான் பாத்துக்கறேன். பழசை எடுத்துக்கறதுக்கு அவங்க கேட்டிருக்கற கேள்விக்குப் பதில் போடறது மட்டும் உங்க வேலை," என்றாள் அவள்.

திரை முழுதாக வேலை செய்கிறதா? செய்கிறது என்றான். கீறல்? இல்லை. உடைசல்? இல்லவே இல்லை. விற்கிற சாமானைப் பற்றி உண்மை பேசி அவனுக்குப் பழக்கமில்லை. பழசுக்கு நல்ல தொகை வந்தது.

அவள் தன் பங்கைக் குறையில்லாமல் செய்தாள். வாடிக்கைக்காரர்களின் அளவுகளையும் குழந்தைகளின் போட்டோக்களையும் மெமரி கார்டில் ஏற்றி வெளியே எடுத்தாள். சிம்மைக் கழற்றித் தையல் மெஷினின் பாபின் டப்பாவில் போட்டாள். கணக்கிலிருந்து பெயரை நீக்கி, பூட்டை எடுத்து, கடைசியாக எல்லாவற்றையும் அழித்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி ஆயிற்று போன்.

"குடு, பட்டறையில வச்சு லேசாத் துடைச்சுக் கொண்டாரேன்," என்றான் அவன். அங்கேதான் அவள் ஏமாந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம், முன்சக்கரத்தில் ஏதோ கரகரவென்று உரசும் ஸ்கூட்டரில் பார்சல்காரம்மா வந்து இறங்கினாள். நாற்பது வயது, விரல் மட்டும் வெளியே தெரிய முழங்கைவரை உறை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. புதுப் போன் பெட்டியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பழசைக் குடுங்கக்கா."

பட்டி செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். உள்ளே மாதுளைப் பழம் மாதிரி ஒன்று மின்னியது.

மனைவி பார்த்தாள். பார்சல்காரம்மா பார்த்தாள்.

"அண்ணே, பதிவுல கறுப்புன்னு இருக்கு."

"கறுப்புதாம்மா. கறுப்பு டப்பா காலி. பல் டாக்டர் காருக்கு அடிச்சதுல இது மிச்சம் இருந்துச்சு. மூணு கோட்டு. வெயில்ல காட்டிப் பாரு, உள்ளுக்குள்ள பொடி மினுங்கும்."

"பல் டாக்டரு காரையும் இதோட கழிச்சுக்கச் சொல்றீங்களா?"

அவள் தன்னுடைய போனிலிருந்து சோதனையை ஏற்றினாள். பழைய போனின் திரை முழுக்கக் கட்டங்கள் வந்தன. விரலால் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு கட்டமும் பச்சையாக மாற வேண்டும். வலது கீழ்மூலை மட்டும் அசையாமல் வெள்ளையாகக் கிடந்தது.

"உன் விரல் காஞ்சிருக்கும்மா," என்றான் பட்டி.

"காலையிலேர்ந்து எல்லார் வீட்லயும் நனைஞ்ச விரலு, உங்க வீட்ல வந்துதான் காஞ்சுதாக்கும்? சரிக்கா, இப்ப ஏதாவது பேசுங்க. அது திருப்பிச் சொல்லணும்."

"வணக்கம்," என்றாள் மனைவி. போன் பேசவில்லை.

"சத்தமாப் பேசு," என்றான் பட்டி.

"எதுக்குச் சத்தமாப் பேசணும்? துடைச்சுக் கொண்டாரேன்னு போய் வண்டி வேலை பாத்துட்டு வந்து நிக்கிற மனுஷனைக் கட்டிக்கிட்டு எனக்கு வணக்கம் ஒரு கேடா? இன்னைக்குப் பள்ளிக்கூடத்து வேலை போச்சுன்னா இந்த வீட்டு அடுப்புல பட்டியத்தான் கிண்டி வைப்பேன், பாத்துக்க!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. போன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பார்சல்காரம்மா போனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். "இங்க ஒரு சின்ன ஓட்டை இருக்கணுமே?"

பட்டியின் முகம் மலர்ந்தது. "அதையும் பாத்துட்டியா? எவனோ ஊசியால குத்தி வச்சிருந்தான். கண்ணுக்கே தெரியாது, நான்தான் கண்டுபிடிச்சு அடைச்சேன்."

"அண்ணே, அதுதான் அதோட காது."

அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். 'மாற்றம் செய்யப்பட்ட பொருள். ஏற்க இயலாது' என்று சிவப்பில் எழுத்து. கீழே 'உறுதி செய்க' என்று ஒரு பொத்தான். அவள் விரல் அதன் மேலேயே நின்றது. மனைவி பார்சல்காரம்மாவின் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அதற்கு மேல் திட்டவில்லை. அதுதான் பட்டிக்குப் பயமாக இருந்தது.

"இதை நான் அமுக்கிட்டா புதுசு என்கூட வந்துடும்," என்றாள் பார்சல்காரம்மா. "இந்தத் தெருவும் பின்தெருவும் பாக்கி இருக்கு. உங்களைக் கடைசியில வச்சுக்கறேன். நான் திரும்பறதுக்குள்ள கலர் போகணும், காது கேக்கணும். அந்தக் கேள்விக்கெல்லாம் மறுபடி பதில் போடுங்க. இந்தத் தடவை அக்கா போடட்டும்."

ஸ்கூட்டர் கரகரத்துப் போனது.

பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றினால் பிளாஸ்டிக்கே கரைந்துவிடும். உப்புத்தாளும் ஆகாது. பிளேடும் நகமும்தான் வழி. இருவரும் தையல் மெஷினுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து சுரண்டினார்கள். பெயிண்ட் மிளகளவு மிளகளவாகத்தான் வந்தது.

"ஊரான் காரெல்லாம் முதல் மழையிலயே உரியுது. என் போன்ல அடிச்சது மட்டும் உரிய மாட்டேங்குது," என்றாள்.

"உனக்குன்னு நல்லா அடிச்சேண்டி."

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்குன்னு நீங்க செஞ்ச ஒரே நல்ல வேலை. அதையும் பிளேடு வச்சுச் சுரண்ட வேண்டியிருக்கு."

அவன் இன்னும் அழுத்திச் சுரண்டினான். ஆயுளில் முதல்முறையாக வேலை சுத்தமாக அமைந்ததற்கு வருந்திக்கொண்டிருந்தான். மெல்ல மெல்லக் கறுப்பு வந்தது. கத்தரிக்கோல் விழுந்து பெயர்ந்த முனை வந்தது. இஸ்திரிப் பெட்டி தொட்டுச் சுருங்கிய இடம் வந்தது. அவன் அழகாக மூடிய அசிங்கமெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்து நின்றது. காதை அவனிடம் விடாமல், மிக மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளே குத்தி எடுத்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் கரகரவென்று சத்தம் கேட்டது.

"மூலை வேலை செய்யாது," என்று மனைவி பார்சல்காரம்மாவின் போனில் பதில் போட்டாள். "கீறல் இருக்கு. முனை உடைஞ்சிருக்கு. பின்னாடி சூடு பட்டிருக்கு." ஒவ்வொன்றுக்கும் தொகை ஒரு படி இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் பட்டி முனகினான்.

"சூடு பட்டதை யாரு கேட்டா?"

"நீங்க சும்மா இருங்க அண்ணே. இப்பப் பேசுங்கக்கா."

மனைவி அடிப்பக்கத்துக்கு வாயைக் கொண்டுபோய்ச் சொன்னாள்: "இந்த ஓட்டையைப் பட்டி வச்சு அடைச்சது என் வீட்டுக்காரர்தான்."

'இந்த ஓட்டையைப் பட்டி வச்சு அடைச்சது என் வீட்டுக்காரர்தான்,' என்று போன் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒப்பித்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். பட்டியும் சிரித்துவிட்டான்.

பச்சை எழுத்து வந்தது. மிச்சம் கட்ட வேண்டியது மட்டும் முதலில் சொன்னதைவிட நிறையக் கூடியிருந்தது.

"குறையறதை நான் கட்டிடறேன். அடுத்த வாரம் எங்கேயாவது பாத்து…" என்று ஆரம்பித்தான் பட்டி.

"எங்கேயும் பாக்க வேண்டாம். கக்கூஸ் பரண்மேல காலிப் பட்டி டப்பா ஒண்ணு இருக்கில்ல, அதுலேர்ந்து எடுத்துட்டு வாங்க."

அவன் காசை ஒளித்து வைத்து, தன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்த டப்பா அது. போய் எடுத்து வந்தான்.

புதுப் போனில் சிம்மைப் போட்ட கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்து அளவுகள் வரிசையாக வந்து விழுந்தன. "சரி, தைத்துத் தருகிறேன்" என்று எழுதியவள், பழக்க தோஷத்தில் போனைப் படுக்கப் போட்டாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு நிமிர்த்தி, வலது கீழ்மூலையை அழுத்தினாள். போய்விட்டது. அது போன வேகத்தை நம்ப முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை உங்களுக்குத்தான் என்று பதில் வந்தது. உடனே மெஷினைத் துடைத்து ஓட்ட ஆரம்பித்தாள்.

வாசலில் பார்சல்காரம்மா பழைய போனைப் பைக்குள் போட்டு மூடினாள். ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவள், முன்சக்கரத்து மட்கார்டைக் காலால் தட்டிக் காட்டினாள். உள்ளே அமுங்கி டயரோடு உரசிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியுமே. இதைப் பாத்துக் குடுப்பீங்களா?"

பட்டி குனிந்து பார்த்தான். வாய் தன் வழக்கத்துக்குக் கேட்டது: "விக்கவா, ஓட்டவா?"

"ஓட்டத்தான். நீங்க பாத்த வண்டியை இனிமே இந்த ஏரியாவுல எவன் வாங்குவான்?"

உள்ளே மெஷின் நின்று, மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. பட்டி மட்கார்டுக்கு உள்பக்கம் கையை விட்டு, நெளிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தான்.

"நாளைக்குக் காலையில பட்டறைக்குக் கொண்டா. கழட்டித்தான் தட்டணும்," என்றான்.