நான் தொலைக்காத நாய்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். இது மின்கம்பத்தில் பசை தடவி ஒட்டப்பட்ட பொய்.

நாயைத் தொலைத்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எனக்கு நாய் கிடையாது. தொலைத்த அனுபவம் மட்டும் தாராளமாக உண்டு: குடைகள், மூக்குக்கண்ணாடி, ஒரு நல்ல வேலை. மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

அன்று காலை கதவு திறந்து கிடந்தது. (எந்தக் கதையில்தான் மூடிக் கிடந்தது?)

நாய்கள் மனிதர்களைவிட... (தத்துவம். அடித்தாயிற்று.)

"காணவில்லை. பழுப்பு நிற நாய். இடது காது மடங்கியிருக்கும். இடது முன்னங்கால் பாதம் மட்டும் வெள்ளை. எதையோ யோசித்துக்கொண்டிருக்கும் முகம். பிஸ்கட் கொடுத்தால் தொடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது. கண்டவர்கள் தயவுசெய்து அழைக்கவும்."

மூன்றாவது பிடித்திருந்தது. கீழே என் கைபேசி எண்ணையே போட்டேன். வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு, அது யாரோ ஒரு அப்பாவியின் எண்ணாக இருந்துவிட்டால்? அந்த நல்லெண்ணத்துக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

அச்சில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு பிரதி கேட்டேன்.

2

ஜெராக்ஸ் கடை அம்மாவுக்கு இளகிய மனசு. தாளை வாசித்ததும் கண் கலங்கிவிட்டார். பின்னால் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். நான் எழுதியதைப் படித்து ஒருவர் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. கதைக்காக எழுதினது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. (வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. என் அக்காவுக்கு நிம்மதி இருந்திருக்கும்.)

அன்று சாயங்காலம் அந்த அம்மா தன் செலவில் இன்னும் பல பிரதிகள் எடுத்து, பஸ் ஸ்டாப் தொடங்கி காய்கறிக் கடைகள் வரை ஒட்டிவிட்டார்.

அப்புறம் ஒருநாள் தண்ணீர் கேன் போடுபவர் மணி அடித்தார். ஒரு தோளில் கேன், ஒரு கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் நான் எழுதிய வாக்கியம் நின்றது. பழுப்பு. இடது காது மடங்கல். வெள்ளைப் பாதம். கேன் அடுக்கும் கோடவுன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்ததாம், நோட்டீஸில் கேன் கேட்டுக் கூப்பிடும் என் எண்ணைப் பார்த்துப் பிடித்துவந்தாராம்.

கதவைத் திறந்தவள் அக்கா. அவள் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதையும் அசலா போலியா என்று உரசிப் பார்க்கும் புத்தி.

"உன் கதை வந்திருக்குடா. வந்து வாங்கிக்கோ."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். எனக்கு நாய்.

3

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். நாயைப் பாத்திரமாக யாராவது நம்புவார்களா? எழுதியதும் நேரில் வருவதெல்லாம் தற்செயலின் உச்சம். பத்திரிகைக்கு அனுப்பினால் அதே வேகத்தில் திரும்பி வரும். ஒரே ஆறுதல், வந்த நாய் அரை பாக்கெட் பிஸ்கட்டை நின்ற இடத்திலேயே காலி செய்தது. அந்த அளவுக்காவது அது என் பேச்சைக் கேட்கவில்லை.

இது யாரோ தேடிக்கொண்டிருக்கும் நாய். வேறு யாராவது நாயைக் காணோம் என்று வந்தார்களா என்று ஜெராக்ஸ் கடையில் விசாரித்தேன். அந்த அம்மா சொன்னது இது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பெண் ஒரு தாளோடு வந்தாராம். சுவரில் என் நோட்டீஸ் இருந்ததாம். அதை இரண்டு தடவை படித்தாராம்.

"அப்புறம் கொண்டுவந்த பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க சார். ஜெராக்ஸே எடுக்கல."

நான் விளையாட்டாக எழுதிய ஒன்று, ஒருவர் தேடுவதையே நிறுத்திவிட்டது.

4

நாயோடு பார்லருக்குப் போனேன். அது நேராக உள்ளே போய், இரண்டாவது நாற்காலிக்கு அடியில், வெட்டிய முடிகளின் மேல் படுத்துக்கொண்டது. முகத்தில் பூச்சோடு கண் மூடிச் சாய்ந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் காதை மட்டும் எங்களிடம் கொடுத்தார்.

பார்லர்க்காரர் நாயைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் அது தானாக வந்து வாசலில் படுத்ததையும், பக்கத்துக் கடையில் சுவரைத் துளைத்த சத்தத்துக்கு மிரண்டு ஓடியதையும் சொன்னார். நோட்டீஸைப் பார்த்ததும் புரிந்துவிட்டதாம், பழைய சொந்தக்காரர் தேடி வந்துவிட்டார் என்று.

நாய் என்னுடையது இல்லை, எல்லாம் கற்பனை என்றேன்.

"இல்லாத நாய்க்கு இவ்வளவு கரெக்டா எழுத முடியுமா சார்?"

கயிற்றை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்க என்னைப் பாத்துப் பாவப்பட்டு விட்டுட்டுப் போறீங்க. கொஞ்ச நாள் கழிச்சு மனசு கேக்காம வருவீங்க. வந்த நாளா இதுக்குச் சொந்தக்காரங்க வந்துருவாங்கன்னு பயந்துகிட்டேதான் வளத்தேன். இன்னொரு தடவை பிரிய என்னால முடியாது. கூட்டிட்டுப் போயிடுங்க."

நாற்காலிக்கு அடியிலிருந்து நாயை நான்தான் இழுக்க வேண்டியிருந்தது. பூச்சு காயும்வரை அழக் கூடாது என்று அந்த வாடிக்கையாளரிடம் யாரும் சொல்லவில்லை போல, கன்னத்துப் பூச்சில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன.

5

(இங்கே ஒரு பக்கம் என் மனவேதனையை எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "உன் வேதனை யாருக்குடா வேணும், நாய் கதையைச் சொல்லு" என்றாள்.)

அக்கா நாயைக் குளிப்பாட்டினாள். துவட்டும்போது அதன் வலது விலாவைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேல் என்று ஒரு திட்டு. நாயைத் தேடுகிறவர் எவரும் முதலில் எழுதும் அடையாளம்.

"நோட்டீஸ்ல இதை ஏன்டா எழுதல?"

"அப்ப நான் இதைப் பாத்ததே இல்லையே."

"அப்ப மத்ததையெல்லாம் எங்க பாத்தே?"

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது விளங்கியது. தினமும் காலையில் அங்கேதான் நிற்கிறேன். எதிரே பார்லர் வாசல். சுவரை ஒட்டி, வலது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து, ஒரு நாய் எப்போதும் படுத்திருக்கும். பஸ் வருகிறதா என்று பார்த்தபடி அதையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, என் சொந்தக் கற்பனை என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

6

முடிவுகள்.

நாய் பாய்ந்து ஓடி அவரை நக்குகிறது. (சினிமா.)

நாய் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட... (அக்கா இந்த வரியோடு பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு நாயைப் பிடித்துப்போய்விட்டது, இன்னொரு வரி போனால் திருப்பித் தர மனசு வராது, அதனால்தான்.)

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று என் போன்றவர்கள் எழுதுவது வழக்கம். பெரும்பாலும் முடிவு தெரியாததால். எனக்கும் தெரியாது. ஆனால் வாசகர் யார் என்று தெரியும். முதல் பத்தியிலிருந்து 'நீங்கள்' என்று நான் கூப்பிட்டது உங்களைத்தான் பார்லர்க்காரரே. புருவம் திருத்திக்கொள்கிற சாக்கில் வந்து இந்தத் தாள்களை நீட்டியவள் என் அக்கா. அவள் பையில் நோட்டீஸும் இருக்கிறது, வாங்கிப் பாருங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் நின்றால் தெரிவதெல்லாம் அதில் சரி. கூட இருந்தவருக்கு மட்டும் தெரிவது ஒன்றுகூட இல்லை, தெரிந்த மாதிரி எழுதிய பிஸ்கட்டும் தப்பு. நீங்கள் இரண்டு வருஷம் பயந்த அந்தச் சொந்தக்காரர் என் நோட்டீஸில் மட்டும்தான் இருந்தார். அவரை இதோ கோடு போட்டு அடித்துவிட்டேன். இனி யாரும் வர மாட்டார்கள்.

தலையை நிமிர்த்திப் பாருங்கள். எதிரே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். கயிறு என் கையில் இருக்கிறது, வண்டிகளுக்குப் பயப்பட வேண்டாம். அன்று நீங்கள் ஒரு தடவைகூட இதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதனால் இதன் பெயர் எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் வராது என்று எழுதியதும் நானாகச் சேர்த்ததுதான்.

கூப்பிட்டுப் பாருங்கள்.