அக்கா முந்திக்கொள்கிறாள்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது போட்டுக்கொடுப்பதைவிட அது மேல். இது கதையாக எழுதப்பட்டதே இல்லை. என் அக்கா டிரம்ஸ் வாசிக்கிற ராக் குழு, பல வருஷம் பிரிந்து கிடந்துவிட்டு, மறுபடி சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டது. குழுவின் பெயர் ‘ஈரத் தீப்பெட்டி’. ஆல்பத்தின் பெயர் ‘பத்திக்கிச்சு’. அட்டையின் உள்பக்கத்துக்கு அரைப்பக்கம் எழுதித் தரச் சொல்லி அக்கா உத்தரவு போட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

“அடியே, இதுல நாங்க எப்ப வரோம்?”

அரைப்பக்கம் முடிகிற இடத்தில்தான் குழு உள்ளே நுழைந்திருந்தது. எனக்கு அதுதான் வியாதி. சுற்றி வளைக்காமல் எந்த இடத்துக்கும் போய்ச் சேர வராது. அக்காவுக்கு நேர்மாறான வியாதி. அவள் அவசரக்குடுக்கை. சாப்பாட்டு மேஜையில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் அவள் முடித்துவைத்துவிட்டுக் கை கழுவப் போயிருப்பாள்.

அட்டைக்கு வேறு யாரோ எழுதினார்கள். வேண்டாமென்று ஒதுக்கித் தள்ளப்பட்ட அந்த அரைப்பக்கம்தான் வளர்ந்து உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

“விளக்குகள் அணைந்தன. ஆயிரம் இதயங்கள் ஒரே—” வேண்டாம். இதயங்களை யார் எண்ணியது?

“இசை என்பது காலத்தின்—” இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.

“அக்கா பிரேக் போட்டாள்.”

இது நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். (பார்த்தீர்களா, ஆரம்பித்துவிட்டேன்.)

குழுவின் பாடகனை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவோம். உச்சத்தில் அவன் போடுகிற கத்தல் அப்படி. அவர்களுடைய பாட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. கோரஸ் வருவதற்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். மனசுக்குள் நான்கு எண்ணிவிட்டு எல்லோரும் ஒரே அடியில் பாட்டுக்குள் விழ வேண்டும். அக்கா நான்கு ஆவதற்குள் விழுந்துவிடுவாள். கண் சிமிட்டுகிற நேரம்தான் வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

கடைசிக் கச்சேரியில் சைரனுக்குப் பொறுமை போய்விட்டது. பாட்டை நிறுத்தினான். திரும்பி அவளைப் பார்த்து, மைக்கிலேயே கேட்டான்: “ஏன் தாயே, பஸ்ஸுக்கு நேரமாச்சா?”

அரங்கமே சிரித்தது. அக்கா குச்சிகளை டிரம்மின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எல்லோரும் சிரித்தபோது ஒரு நொடி எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த அளவுக்கு அவன் சரியாகச் சொல்லிவிட்டான், அதுதான் வலித்தது.

அதன் பிறகு அவள் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தாள்.*

*அவசரக்காரி நிதானம் சொல்லித் தருகிறாள் என்று எழுதினால், ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த முரண் என்பார்கள். நான் என்ன செய்ய? என்னைக் கேட்டிருந்தால் பூக்கடை வைக்கச் சொல்லியிருப்பேன்.

3

அக்கா பிரேக் போட்டாள்.

பயிற்சிக் காரில் இரண்டு பக்கமும் பிரேக் இருக்கும். ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு வங்கி அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர், கியர் மாற்றும்போதெல்லாம் கியரிடம் மன்னிப்புக் கேட்பார். பதிவு முடிந்து, மிக்ஸிங்கும் முடிந்து, பாட்டுகள் அன்றைக்குத்தான் அக்காவின் போனுக்கு வந்திருந்தன. வகுப்பு முடிகிற வரை காத்திருக்க அவளால் முடியுமா? காரிலேயே போட்டுவிட்டாள்.

பாட்டு நின்றது. நான்கு எண்ணுகிற மௌனம். டிரம்ஸ் விழுந்தது, சரியாக, நான்கு முடிந்த பிறகு.

கார் நடுச் சாலையில் குலுங்கி நின்றது.

“ஏன் மேடம் பிரேக் போட்டீங்க? எதிர்ல யாருமே இல்லையே?”

“அதாங்க பிரச்சினை,” என்றாள் அக்கா. “யாருமே இல்ல.”

மறுபடி சேரலாமா என்று சைரன் போனில் கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்: நான் வாசிக்கிறபடிதான் வாசிப்பேன். அவனும் சரியென்றான். இப்போது அவளுடைய அடிகளையெல்லாம் கணினியில் இழுத்து நேராக்கி வைத்திருந்தார்கள். தன் பெயர் போட்ட ஆல்பத்தில் தான் இல்லை என்பது காரிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

4

இங்கே ஒரு சண்டைக்காட்சி வர வேண்டும். நான் ஸ்டூடியோவில் இல்லை. மூன்று பேரிடம் கேட்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் வரைவில் அக்கா கதவை எட்டி உதைத்துக்கொண்டு போகிறாள். (“அது இழுக்கிற கதவுடி.”) இரண்டாவதில் அழுகிறாள். (“அழுதேன்னு எழுதினே, வீட்டுப் பக்கம் வந்துடாதே.”) மூன்றாவதில் சைரனை வில்லனாக்கப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. நடந்ததைக் கேட்கக் கேட்க எனக்கே அவன்மேல் பரிதாபம் வந்து தொலைத்தது.

ஒலிப்பதிவாளர்தான் முதலில் பேசியிருக்கிறார். “நேரா வெச்சிருக்கேன் மேடம். இப்ப மயிரிழைகூட விலகாது.”

“யார் வெக்கச் சொன்னது?”

அவர் சைரனைப் பார்த்தார். சைரன் தரையில் ஒட்டியிருந்த வயர்களைப் பார்த்தான்.

“எனக்கு மூச்சு பத்தல,” என்றான். “முன்ன மாதிரி இல்ல. நீ முந்திட்டா என்னால பின்னால ஓடி வர முடியல. இதுவும் போச்சுன்னா நமக்கு இன்னொன்னு கிடையாது.”

அக்கா கத்தவில்லை, அழவும் இல்லை. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ரெண்டையும் போடுங்க. ரெண்டுக்கும் இவன் பாடட்டும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். முதலில் நேராக்கிய டிரம்ஸ். நான்கு எண்ணினான், நிதானமாக மூச்சு வாங்கினான், சுருதி சுத்தமாகப் பாடினான். நன்றாகத்தான் இருந்ததாம், வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிடுவது மாதிரி.

அடுத்தது அக்கா வாசித்தபடியே. ஒன்று, இரண்டு, மூன்று. மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே டிரம்ஸ் விழுந்துவிட்டது. விட்டால் போய்விடும் என்று அவன் பாதி மூச்சில் எட்டிப் பிடித்தான். குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஒலிப்பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பல வருஷமாக யாரும் கேட்காத அந்தக் கத்தல்.

பாட்டு முடிந்தும் சைரன் வெளியே வரவில்லை. உள்ளிருந்தபடியே பேசினான்.

“இந்தக் கத்தலுக்குத்தானே எனக்கு இந்தப் பேரு? இது என் தொண்டையிலதான் இருக்குன்னு இவ்வளவு நாளா நெனச்சிட்டிருந்தேன்.”

“இப்ப?” என்றாள் அக்கா.

“பஸ்ஸுக்கு நேரமானவ நீ இல்ல. பஸ்ஸே நீதான். ஓடி வந்து தொத்திக்கிட்டது நான்.”

நானாக இருந்தால் இந்த இடத்தில் கதையை முடித்திருப்பேன். அக்கா விடவில்லை.

“அன்னிக்கு மைக்ல சொன்ன,” என்றாள். “இன்னிக்கு ரூமுக்குள்ள சொல்ற.”

 நேராக்கியது அத்தனையும் அன்றே அழிக்கப்பட்டது.

(கிட்டாரும் பேஸ் கிட்டாரும் வாசிக்கிறவர்கள் அப்போது எங்கே என்று கேட்பீர்கள். அவர்கள் அண்ணன் தம்பி, வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கதையில் தங்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்று குறைபட்டார்கள். இதோ, ஒன்றுக்கு மேலேயே கொடுத்துவிட்டேன்.)

5

ஆல்பம் வந்தது. முதல் விமர்சனம் ஒரு நாளிதழில்: ‘டிரம்ஸ் கலைஞர் இன்னும் முந்துகிறார். இத்தனை ஆண்டுகளில் யாருமே சொல்லித் தரவில்லையா?’ அக்கா அதைக் கத்தரித்து டிரைவிங் ஸ்கூல் சுவரில், வேகக் கட்டுப்பாட்டுப் பலகையின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

அந்த விமர்சகர் பாவம். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் சைரன் குரல் உடைந்து ஏறிய அந்தப் பாட்டுதான். சலூனில், மருந்துக்கடையில், லிஃப்டுக்குள், பக்கத்து வீட்டுத் துணி துவைக்கிற சத்தத்துக்கு நடுவே. கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்து, இன்னொரு நாள் அறிவித்து, அதுவும் தீர்ந்தது. வங்கி அதிகாரி லைசென்ஸ் தேர்வில் தேறிவிட்டு, கோரஸ் தாளத்தில் ஹாரன் அடித்து, தேறிய கையோடு திட்டும் வாங்கினார்.

ஆனால் ‘வரவேற்பு’ என்றால் எனக்கு ஒரே ஒரு காட்சிதான். பேருந்து நிறுத்தம். இரண்டு கல்லூரிப் பெண்கள் ஆளுக்கொரு காதில் இயர்ஃபோனைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றார்கள். பாட்டு எனக்குக் கேட்கவில்லை. இரண்டு தலைகளும் ஆடிக்கொண்டிருந்தன, நின்றன. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு வருவதற்குள் இரண்டு தலைகளும் ஒன்றாக விழுந்தன. ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்களுக்கு என் அக்காவின் அவசரம் மனப்பாடம்.  என் பஸ் வந்து நின்று, போயும் போய்விட்டது. நான் ஏறவே இல்லை.

6

கச்சேரி. அதே அரங்கம். நான் அதே மூன்றாவது வரிசைக்கு அடம்பிடித்து டிக்கெட் வாங்கியிருந்தேன். கடைசிப் பாட்டு. வாத்தியங்கள் நின்றன. அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அக்கா விழுந்தாள். அவளோடு மொத்த அரங்கமும் விழுந்தது. ஒரு கைகூட நான்குக்காகக் காத்திருக்கவில்லை. இடி விழுந்த மாதிரி இருந்தது, என் நாற்காலி அதிர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன். (என்னைப் பற்றி நான் எழுதலாம், தடையில்லை.)

ஆனால் சைரன் பாடவில்லை. கையைக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தினான். திரும்பினான், அன்றைக்குத் திரும்பின மாதிரியே. மைக் கையில். அக்காவின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

முடிவு (அ): மன்னிப்புக் கேட்கிறான். அரங்கம் உருகுகிறது. அக்கா கொட்டாவி விடுகிறாள்.

முடிவு (ஆ): மைக்கை அவளிடம் நீட்டுகிறான். மைக்கில் அவள் பேசியதே கிடையாது. என்ன பேசுவாள்? “கிளச்சை விடுங்க” என்றுதான் வரும்.

முடிவு (இ): நிஜமாகவே நடந்தது. நான் பார்த்தேன், எழுதியும் வைத்தேன், இரண்டு பக்கம். அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இவ்வளவு நேரமா எடுத்துப்ப? அவன் என்ன சொல்லியிருப்பான்னு படிக்கிறவங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்டி. அவங்களை விடு.”

கிழித்துவிட்டேன். அவளுக்காக ஒரு தடவை நானும் முந்திப் பார்க்கிறேன்.

சைரன் திரும்பி நிற்கிறான். மைக் வாயருகே போய்விட்டது. பஸ்ஸைப் பற்றி அவன் சொல்ல வேண்டியது உங்களுக்குத் தெரியும், எந்த அறைக்குள் சொன்னான் என்பதும் தெரியும். அரங்கம் கேட்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்லப்போவது நீங்கள். நான் எண்ணுகிறேன். தயவுசெய்து நான்கு வரை காத்திருக்காதீர்கள்.

ஒன்று.

இரண்டு.

மூ—