துரோகி என்று சொல்லாதவர்

ராணுவ வண்டிகளுக்குக் கியர் செய்து கொடுத்துக்கொண்டிருந்த அந்த மத்திய அரசுத் தொழிற்சாலையை வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, அங்கே வேலை பார்த்த ஹெர்பர்ட்டைவிட அதிகமாக நொந்தவர் யாருமில்லை. தேர்தலுக்கு முன்பு பிரதமர் பெங்களூருக்கு வந்து, "இந்தத் தொழிற்சாலையின் ஒரு செங்கல்லைக்கூட விற்கமாட்டேன்" என்று மேடையில் சொன்னார். அப்போது வெயிலில் நின்று கைதட்டியவர்களில் அவரும் ஒருவர். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஐரினிடம், "இந்த ஆளு சொன்னா செய்வாரு" என்றார். தொம்மலூரில் தெரிந்தவர் தெரியாதவர் வீடுகளுக்கெல்லாம் போய், சொந்தப் பிள்ளைக்குக் கேட்பதுபோல ஓட்டுக் கேட்டார்.

அதனால்தான் தொழிற்சாலை வாசலில் யூனியன் போட்ட கேட் மீட்டிங்கில் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

யூனியன் செயலாளர் வேறு யாருமில்லை, அவருடைய தம்பி ரயான்தான். நல்ல குரல் அவனுக்கு. சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் பாடிய குரல். "நாட்டை வித்த துரோகி" என்று அவன் ஆரம்பித்தால் கூட்டம் திருப்பிச் சொல்லும். கன்னடத்திலும் அதே சொல்தான் என்பதால் மொழிபெயர்க்கிற வேலையும் இல்லை. அன்று அவன் மைக்கை அண்ணன் கையில் திணித்தான்.

"எங்கண்ணன் அந்தாளுக்காகத் தெருத் தெருவா ஓட்டுக் கேட்டவரு. அவரு வாயாலயே கேளுங்க."

ஹெர்பர்ட்டுக்கு மேடைப் பழக்கம் கிடையாது. தமிழும் கன்னடமுமாகக் கலந்து பேசினார். "பிரதமர் என்னை ஏமாத்திட்டாரு. வாக்கு குடுத்தாரு, மீறிட்டாரு. இனிமே என் ஓட்டு அவருக்கில்ல. ஸ்ட்ரைக்னா நானும் வந்து நிக்கிறேன். ஆனா துரோகின்னு மட்டும் சொல்லமாட்டேன். எதிரிகிட்ட நாட்டைக் காட்டிக்குடுத்தவன்தான் துரோகி. இவரு தப்பான முடிவு எடுத்தவரு. ரெண்டும் ஒண்ணாயிடாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

அந்தச் சொல்லிடம் அவருக்கு இருந்த பயம் கூட்டத்துக்குத் தெரியாது. ரயானுக்குத் தெரியும். காவிரிக் கலவரத்தின்போது, தமிழ்க் குடும்பம் என்பதால், அவர்கள் வீட்டுக் கதவில் அதே சொல்லைத்தான் கறுப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போனார்கள். அப்பா தொம்மலூரிலேயே பிறந்து, தமிழைவிடக் கன்னடத்தில் அதிகம் சண்டை போட்டவர். பக்கத்து வீட்டு எல்லம்மா, "ஒளகே பன்னி, உள்ள வாங்க" என்று எல்லாரையும் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். கலவரம் ஓய்ந்த பிறகு அண்ணனும் தம்பியும்தான் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வைத்துத் தேய்த்தார்கள். பெயின்ட் போயிற்று. அப்பா அதன்பிறகு டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அதையெல்லாம் உடனிருந்து பார்த்த ரயான்தான் அன்று மைக்கைத் திருப்பிப் பிடுங்கினான்.

"கூடப் பொறந்தவரா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். துரோகியை துரோகின்னு சொல்லாதவனும் துரோகிதான்."

கூட்டம் அதையும் திருப்பிச் சொன்னது.

மறுநாளிலிருந்து கேன்டீனில் ஹெர்பர்ட் உட்கார்ந்த மேசைக்கு யாரும் வரவில்லை. பக்கத்து லேத்தில் காலமெல்லாம் வேலை பார்த்த சண்முகம்கூடத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனான். ஸ்ட்ரைக் நடந்தபோது ஹெர்பர்ட் பந்தலுக்கு ஒருநாள் தவறாமல் போனார், ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தார். மகள் ஆஞ்சலாவின் திருமணத்துக்கு ஆலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆஞ்சலாவுக்கு ஞானத்தகப்பன் ரயான். கைக்குழந்தையாக இருந்தவளை ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றக் கையில் ஏந்தி நின்றவன், பலிபீடத்துக்கு முன்னால் அவள் நின்றபோது வரவில்லை. போட்டோ எடுக்க எல்லாரும் கூடியபோது, "சித்தப்பா வரலையாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். டிராஃபிக்கில் மாட்டியிருப்பான் என்றார் ஹெர்பர்ட்.

ஸ்ட்ரைக் தோற்றது. தொழிற்சாலை கைமாறியது. துரோகி என்று கத்தியவர்களும் கத்தாதவரும் வேலை போய் ஒரே கேட் வழியாக வெளியே வந்தார்கள்.

சில வருடங்கள் போயின. அடுத்த தேர்தல் பேச்சு தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த ஐரின் தன் போனை அவரிடம் நீட்டினாள். "இதைப் பாருங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்க."

சிவாஜிநகரில் கூட்டம். மேடையில் ரயான். கழுத்தில் பிரதமருடைய கட்சித் துண்டு. "இந்த தேசத்துக்குக் கெடைச்ச காவலர் நம்ம பிரதமர்" என்று அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் திருப்பிச் சொன்னது.

ஹெர்பர்ட் சாப்பிடாமலே கிளம்பினார். இந்திராநகர் போய் மெட்ரோ பிடித்து வைட்ஃபீல்டில் இறங்கினார். ரயான் குடிபோன அடுக்குமாடிக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. கேட்டில் செக்யூரிட்டி, "யாரு?" என்று கேட்டான். "அண்ணன்" என்றார். அவன் மேலே போன் செய்து கேட்டுவிட்டுத்தான் விட்டான்.

ரயான் கதவைத் திறந்ததும் சிரித்தான். "வாண்ணா. நானே வரணும்னு இருந்தேன்."

"வீடியோ பார்த்தேன்."

"ஓ, அதுவா." சோபாவிலிருந்த துண்டை மடித்து ஓரமாக வைத்தான். "உட்காருண்ணா. டீ போடச் சொல்றேன்."

"அவரை துரோகின்னு சொன்னியேடா."

"அது யூனியன்ல இருந்தப்போ. கூட்டத்தைச் சேர்க்கணும்னா அப்படித்தான் பேசணும். நான் என்ன அவரைப் பார்த்து நெஜமாவா சொன்னேன்?"

"அப்போ நெஜமில்லையா?"

"பாலிடிக்ஸ்ணா. விடு, அதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கா."

"என்னையும் சொன்னே."

ரயான் மடித்த துண்டை மறுபடி நீவிவிட்டான். "அது ஒரு ஃப்ளோல வந்துடுச்சு. நீதான் சீரியஸா எடுத்துக்கிட்டே."

தம்பி மனசார நம்பித்தான் அப்படிச் சொன்னான் என்று இத்தனை காலமும் ஹெர்பர்ட் நினைத்திருந்தார். நம்பிச் சொன்னதாக இருந்தால் என்றைக்காவது ஆறியிருக்கும். அவன் நம்பியதைச் சொன்னான், நான் நம்பியதைச் சொன்னேன், அதற்கு இரண்டு பேரும் விலை கொடுத்தோம் என்று ஐரினிடமே பலமுறை அவனுக்காகப் பேசியிருக்கிறார். இப்போது பார்த்தால் அவன் எதையும் நம்பவில்லை. ஆஞ்சலா கல்யாணத்துக்கு வராமல் இருந்ததுகூட, வந்தால் யூனியனில் பேர் கெட்டுவிடும் என்றுதான்.

ரயான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணா, ஒரு விஷயம். அன்னைக்கு அத்தனை பேருக்கு நடுவுல அவரை துரோகின்னு சொல்லமாட்டேன்னு நின்னது நீ ஒருத்தன்தான். கட்சியில உன்னைப் பத்திச் சொன்னேன். அடுத்த மீட்டிங்ல மேடைக்கு வந்து அன்னைக்குச் சொன்னதை அப்படியே சொன்னா போதும். ஒரு தொழிலாளி சொன்னா எடுபடும்."

"அன்னைக்கு நான் இன்னொண்ணும் சொன்னேன். அவரு என்னை ஏமாத்திட்டாரு, என் ஓட்டு அவருக்கில்லன்னு."

"அதை விட்டுட்டுச் சொல்லுண்ணா."

ஹெர்பர்ட் எழுந்தார். அந்தச் சொல் அவர் தொண்டைவரைக்கும் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனைப் பார்த்து அதைச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. தேநீர்க் கோப்பைகளோடு ரயானின் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். அவர் விழுங்கிக்கொண்டார்.

"கல்லறைத் திருநாள் வருது. அப்பா அம்மா கல்லறைக்கு நாங்க காலைல போறோம்," என்றார். "நீ சாயங்காலமா போ."

"என்னண்ணா இது, எப்பவும் ஒண்ணாதானே..."

"சாயங்காலமா போ."

ரயான் கட்சி மாறிய சேதி பரவியதும் சண்முகம் வீடு தேடி வந்தான். வாசலிலேயே நின்று, பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு, "தப்பு எங்க மேலதான் ஹெர்பர்ட்ணா" என்றான். ஐரின் காபி கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். பழைய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கண்டனக் கூட்டம் போடுகிறார்கள். "இப்பவாவது வந்து சொல்லுங்கண்ணா. அந்தாளும் துரோகி, உங்க தம்பியும் துரோகி. நீங்க சொன்னா அதுக்கு மேல சாட்சி வேணாம்."

"வித்தது தப்புன்னு சொல்லக் கூப்பிட்டா வர்றேன்" என்றார் ஹெர்பர்ட்.

சண்முகம் தலையாட்டிவிட்டுப் போனான். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

கல்லறைத் திருநாளன்று ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் காலையிலேயே கூட்டம். ஹெர்பர்ட் கல்லைக் கழுவினார். ஐரின் செவ்வந்திப் பூவைப் பரப்பினாள். மெழுகுவத்தி காற்றில் நிற்காமல் மூன்று நான்கு தடவை அணைந்தது. செபம் சொல்லும்போது அவர் பக்கத்தில் தம்பி நிற்கும் இடத்தில் வேறொரு குடும்பத்துப் பிள்ளைகள் நின்றார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஐரின் கேட்டாள். "இத்தனை நடந்தப்புறமும் பிரதமரை துரோகின்னு சொல்லமாட்டீங்களா?"

"மாட்டேன். ஏமாத்தினதுக்கு ஓட்டுல பதில் சொல்லுவேன்."

"ரயானை?"

ஹெர்பர்ட் வெளியே பார்த்தார். ரிச்மண்ட் ரோடு சிக்னல் விழுந்து வண்டிகள் எல்லாம் நின்றிருந்தன. பச்சை விழுந்து ஆட்டோ நகர்ந்ததும், "அவனுக்கு எதுல போயி பதில் சொல்றது?" என்றார்.

ஐரின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.