சலூனிலிருந்து வந்த டப்பா

கத்திரிக்கோல் சத்தம் கேட்டாலே சில குழந்தைகள் ஊரைக் கூட்டிவிடும். அதற்காகவே, தன் மகள் விளையாடி முடித்த பிளாஸ்டிக் கட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுக் கடையில் வைத்திருந்தார் சலூன்காரர். ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தினால் ‘டக்’கென்று கவ்விக்கொள்ளும் கட்டைகள். மடியில் வீடு வளரும், தலையில் முடி குறையும், அழுகை நின்றுவிடும். அப்படி வெட்டிக்கொண்ட பையன்கள் மீசை முளைத்து, கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். காத்திருக்கும்போது, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, தாங்களும் இரண்டு கட்டைகளை எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தொங்கிப்போனது.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண், கட்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் உற்சாகமானாள். “இதைவிட நல்ல பயிற்சி இல்லைங்கய்யா. வலது கையால மட்டும் மாட்டிப் பழகுங்க.”

மகள் பூட்டிக் கிடந்த சலூனைத் திறந்து டப்பாவை எடுத்து வந்தாள். முதலில் விரல்கள் கட்டையைப் பிடிக்கவே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், வேலை முடிந்து அவள் வந்தபோது, கட்டில் பக்கத்தில் சின்னச் சுவர் ஒன்று நின்றது. மறுநாள் அது இன்னும் உயர்ந்திருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சலூன் கதவுக்குப் பெயின்ட் அடிக்க ஆளுக்குக்கூடச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கொண்டுபோனவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் இன்னொன்றை அதில் அழுத்திக்கொண்டிருந்தார் அப்பா. வலது கை தலையணைமேல் சும்மா கிடந்தது.

“என்னப்பா இது?”

வாயிலிருந்ததை எடுத்தார். நாக்கு குழறியது. “சுவரைப் பார்த்து நீ சிரிச்சியேம்மா. அதான் விட மனசில்ல.”

“அதுக்காக இப்படியா?”

“எனக்குத் தெரியாதா? பல்லால முடி வெட்ட முடியாது.”

பெயின்டரை வர வேண்டாமென்று சொல்லிவிட்டாள். சலூன் சாவியும் கட்டிட உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் மருந்துக்கடைக்காரர் தன் மகனோடு பார்க்க வந்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரிடமே முடி வெட்டிக்கொண்டவர். பெரியவர்கள் நலம் விசாரித்துக்கொண்டிருக்க, பையன் நேராக டப்பாவுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் அப்பனும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“டேய், சக்கரத்தைக் கடைசியில மாட்டுடா.”

“போப்பா, உனக்கு ஒண்ணும் தெரியாது.”

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான், குனிந்திருந்த அந்த அப்பனின் பிடரி கண்ணில் பட்டது. அங்கே ஒரு சுழி உண்டு. கொஞ்சம் நீளம் விட்டால்தான் முடி படியும். அது தெரியாத யாரோ ஒட்ட வழித்திருந்தார்கள்.

“யார்கிட்ட வெட்டின?”

மருந்துக்கடைக்காரரின் கை தானாகப் பிடரிக்குப் போனது. “அவசரமா வெளியூர் போக வேண்டியிருந்துச்சு மாமா. அதான்…”

“நல்லாத்தான் இருக்கு.”

அவர்கள் கிளம்பும்போது, டப்பாவைப் பையனிடம் கொடுக்கச் சொன்னார் சலூன்காரர்.

“உங்க பயிற்சிக்கு வேணுமேப்பா?” என்றாள் மகள்.

“எடுத்துட்டுப் போகட்டும். பாவம், ஆசைப்படுறான்.”

பையன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கினான். அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.